மிளகாய் நாற்று நெடுநெடுவென்று வளர்ந்தால்

திருகோணமலை உப்புவெளியில் உங்கள் வீட்டு விறாந்தையில் வைத்த மிளகாய் நாற்றுகள் கணுவுக்குக் கணு தள்ளி, மெலிந்து சாய்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். எனக்குப் படுவது வெளிச்சக் குறைதான். நிழலில் நிற்கும் செடி வெயிலைத் தேடித் தண்டை நீட்டும். யூரியா போடுகிறீர்கள் என்றால் உடனே நிறுத்துங்கள், அது இன்னும் நீட்டிவிடும்.

கணுக்களுக்கு இடையில் ஏற்கெனவே நீண்ட இடைவெளி இனிச் சுருங்காது. புதுக் கணுக்கள்தான் நெருங்கி வரும். முதலில் காலை வெயில் மட்டும் காட்டுங்கள். அப்புறம் ஒரு கிழமைக்கு மேல் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். எடுத்த எடுப்பில் திருகோணமலை உச்சி வெயிலில் வைத்தால் இலை வெந்துவிடும், பாவம். மெல்லிய காற்று பட்டால் தண்டு தடிக்கும். கச்சான் எனும் பலத்த வறண்ட காற்றுக்கு மட்டும் மறைப்புக் கட்டுங்கள். தக்காளியைப் போல ஆழப் புதைக்க வேண்டாம், தண்டு அழுகலாம். தேறியதும் நுனியைக் கிள்ளுங்கள், பக்கக் கிளை வரும்.