விடிய விடியப் படம் பார்க்கப் போகும் மகளுக்கு

கேள்வி: ஏ.எல். பரீட்சை முடிந்துவிட்டது. வருகிற சனிக்கிழமை மூதூரிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மச்சாள்மாரும் சித்தியின் பிள்ளைகளும் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். ஆறு பேராகச் சேர்ந்து விடிய விடியப் படம் பார்க்கப் போகிறோம். ஏழு படம் தெரிவு செய்தாயிற்று. எங்களில் யாரும் இதுவரை ஓர் இரவு முழுக்க விழித்திருந்ததில்லை. பன்னிரண்டு வயதுத் தம்பியும் இருக்கிறான். பக்கத்து அறையில் அம்மம்மா படுப்பார். விடிந்ததும் மோட்டார் சைக்கிளில் கோணேஸ்வரம் போய்ச் சூரிய உதயம் பார்க்கலாம் என்கிறார் அண்ணா. நித்திரை வராமல் இருக்க எனர்ஜி டிரிங்க் வாங்கி வைக்கலாமா? வேறு என்ன ஆயத்தம் செய்ய வேண்டும்?
- வாசகி, உப்புவெளி

பதில்: மகள், முதலில் அந்த ஏழு படத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தமிழ்ப் படம் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். ஏழு படம் என்றால் பதினேழரை மணி நேரம். மாலை 7 மணிக்குத் தொடங்கினாலும் ஞாயிறு மத்தியானம் 12.30 ஆகிவிடும். நான்கு போதும். மிச்சம் மூன்றும் அடுத்த தடவைக்கு இருக்கட்டும்.

நான்கு என்று நான் சொல்வதற்கு நேரக் கணக்கு மட்டும் காரணமில்லை. எண்பதுகளில் எங்கள் தெருவில் டிவி, டெக், ஜெனரேட்டர் மூன்றையும் வாடகைக்கு எடுத்து முற்றத்தில் வைத்துப் படம் போடுவார்கள். அயலில் இருப்பவர்கள் பாயோடு வந்துவிடுவார்கள். ஒரு படம் முடிந்தால் கசெற்றைப் பின்னுக்குச் சுற்ற வேண்டும், அடுத்ததைப் போட வேண்டும், ஜெனரேட்டருக்கு எண்ணெய் ஊற்ற வேண்டும். அதற்குள் பெரியம்மா எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிவிடுவார். பிள்ளைகள் நாங்கள் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வருவோம். எனக்கு அப்போது பத்து வயது. நாலாவது படத்தையும் கண் மூடாமல் பார்த்தேன்.

சில வருடங்களுக்கு முன் நண்பிகள் ஐந்து பேர் சேர்ந்து அதேபோல் இருந்து பார்த்தோம். மடிக்கணினியில் ஒரு படம் முடிந்ததும் அடுத்தது தானாகவே ஓடியது. யாரும் எழும்பவில்லை. இரண்டரை மணிக்குள் ஐந்து பேரும் நித்திரை. வளர்ந்தவர்களால் முடியாதது பத்து வயதில் எப்படி முடிந்தது என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். அந்த இடைவெளிகள்தான் காரணம். சிவராத்திரியிலும் அப்படித்தானே? இரவை நான்கு சாமமாகப் பிரித்து, சாமத்துக்கு ஒரு பூசை வைக்கிறார்கள். ஒவ்வொரு பூசைக்கும் எழும்பி நின்று கும்பிட்டுவிட்டுத்தான் திரும்ப உட்காருகிறோம். அம்மம்மாவிடம் கேட்டால் இதை என்னைவிட நன்றாகச் சொல்வார்.

ஆகவே, அடுத்த படம் தானாகத் தொடங்கும் வசதியை முதலில் நிறுத்தி வையுங்கள். ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் இருபது நிமிடமாவது எல்லோரும் எழும்ப வேண்டும். மின்விளக்கைப் போட்டு, முகம் கழுவி, முற்றத்தில் நாலு நடை நடந்து, பார்த்த படத்தைப் பற்றிச் சண்டை பிடித்துவிட்டு வாருங்கள். போனைப் பார்த்துக்கொண்டு இருந்த இடத்திலேயே இருப்பது இடைவேளை ஆகாது.

படங்களின் ஒழுங்கையும் யோசித்து வையுங்கள். சத்தமான அடிதடிப் படம் 7 மணிக்கு. அம்மம்மா படுக்கும் முன் அது முடிந்துவிடும். வசன வரிகளை வாசித்துப் பார்க்க வேண்டிய வேற்றுமொழிப் படம் இருந்தால் 10 மணிக்கு வையுங்கள். வீடு அமைதியாக இருக்கும், கண்ணும் இன்னும் களைத்திருக்காது. அது முடிந்ததும் தம்பியைப் படுக்க அனுப்புங்கள். இதை முன்னரே அவனோடு பேசி முடிவு செய்யுங்கள், அந்த நேரத்தில் சொன்னால் அழுவான். ஒரு மணியளவில் துப்பறியும் கதை ஒன்று. யார் செய்தது என்று தெரியாமல் ஒருவருக்கும் எழும்ப மனம் வராது.

மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரைதான் உண்மையான கஷ்டம். உடம்பின் வெப்பம் மிகவும் குறைந்திருக்கும் நேரம் அது. எவ்வளவு நல்ல படமாக இருந்தாலும் கண் தானாக மூடும். அந்த நேரத்தில் புதுப் படம் வைத்தால் பாதிக்கதை விளங்காது, படத்தின் மேல்தான் பழி வரும். எல்லோருக்கும் மனப்பாடமான ஒரு பழைய நகைச்சுவைப் படத்தை வையுங்கள். வசனத்தைச் சேர்ந்து சொல்லலாம், பாட்டைச் சேர்ந்து பாடலாம். அந்த நாலாவது படத்தை அம்மம்மாவையே தெரிவு செய்யச் சொல்லுங்கள் என்பது என் ஆசை. வயதானவர்கள் நாலு, நாலரைக்கு எழும்பிவிடுவார்கள். அவரும் வந்து உங்களோடு உட்காரட்டும். இடையில் யாராவது நித்திரையானால் எழுப்ப வேண்டாம், முகத்தில் மையும் பூச வேண்டாம். ஒரு போர்வையைப் போர்த்திவிடுங்கள்.

எனர்ஜி டிரிங்க் வேண்டாம், தம்பிக்குக் கட்டாயம் வேண்டாம். நம் தேத்தண்ணியே போதும். தேயிலையிலும் கோப்பியிலும் இருக்கும் கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போக வளர்ந்தவர்களுக்கே ஐந்து மணி நேரம் அளவில் ஆகும். ஒரு மணிக்குக் குடித்தது மூன்று மணிக்கும் உதவும், ஆனால் மூன்று மணிக்குக் குடித்தால் காலையில் படுக்க விடாது. அதனால் ஒரு மணியோடு தேத்தண்ணியை முடித்துக்கொண்டு, பிறகு சுடச்சுடக் கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் சொதியும் நல்லது. பிரியாணியோ கொத்துரொட்டியோ சாப்பிட்டால் இரண்டாவது படத்திலேயே தலை சாயும். இடைவேளைகளில் கச்சான், தேங்காய்ச் சொட்டுப் போட்டுத் தாளித்த கடலை.

வெள்ளிக்கிழமை இரவு நேரத்தோடு படுங்கள். நாளைக்கு விழிக்கத்தானே போகிறோம் என்று அன்றைக்கும் கதைத்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள். சனிக்கிழமை மத்தியானம் ஒன்றரை மணி நேரம் நித்திரை கொள்ளுங்கள். மற்ற எல்லா ஆயத்தத்தையும்விட இது பலன் தரும்.

அப்புறம், படங்களை வெள்ளிக்கிழமையே பென் டிரைவில் போட்டு, அதே டிவியில் ஓட்டிப் பாருங்கள். சில டிவிகளில் படம் தெரியும், சத்தம் வராது. பழைய முறையில் ஃபோர்மட் செய்த பென் டிரைவ், 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. இதையெல்லாம் சனிக்கிழமை இரவு கண்டுபிடிக்கக் கூடாது. கரண்ட் போனால் பார்க்க மடிக்கணினியில் ஒரு பிரதி இருக்கட்டும், அதை முழுதாக சார்ஜ் செய்து வையுங்கள். டிவிக்குப் பின்னால் ஒரு சின்ன விளக்கு எரியட்டும், முழு இருட்டில் கண் சீக்கிரம் களைக்கும். மின்விசிறிக் காற்று நேரே முகத்தில் அடிக்காமல் திருப்பி வையுங்கள், கண் காய்ந்து எரியும்.

மோட்டார் சைக்கிள் விஷயத்தில் அண்ணா என்னோடு கோபித்தாலும் பரவாயில்லை. பதினேழு மணி நேரம் நித்திரையில்லாமல் இருப்பவரின் கவனம் மது அருந்தியவருடையதைப் போலக் குறைந்துவிடும் என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். சனிக்கிழமை காலை எழும்பி மத்தியானம் கொஞ்சம் படுத்திருந்தாலும், ஞாயிறு விடியும்போது நீங்கள் எல்லோரும் நன்றாகக் களைத்திருப்பீர்கள். வண்டிச் சாவியை இரவே அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். கோணேஸ்வரத்துக்கு இன்னொரு நாள், நன்றாக நித்திரை கொண்டு எழும்பிப் போகலாம். உங்கள் உப்புவெளிக் கடற்கரையே கிழக்கைப் பார்த்துத்தானே இருக்கிறது? ஆறு மணியை ஒட்டி எல்லோருமாக நடந்து போங்கள். முழங்கால் அளவுத் தண்ணீருக்கு மேல் யாரும் இறங்க வேண்டாம். சூரியன் மேலே வந்ததும் வீட்டுக்கு வந்து, நுளம்பு வலையைப் போட்டுக்கொண்டு படுங்கள். டெங்கு நுளம்பு பகலில்தான் கூடுதலாகக் கடிக்கும். பதினொரு மணிக்கு எழுப்பும்படி அம்மாவிடம் சொல்லி வையுங்கள். அதற்கு மேல் படுத்தால் ஞாயிறு இரவும் விழித்திருக்க வேண்டிவரும்.