குட்டியின் கோணல் கால்: முட்டியிலா, கணுக்காலிலா?

கேள்வி: உச்சிப்புளி அருகே குதிரை வளர்க்கிறேன். பிறந்து 40 நாளான குட்டியின் இடது முன்னங்கால் வெளிப்பக்கமாகக் கோணியிருக்கிறது. ஒரு வயது ஆனபின் அறுவைச் சிகிச்சை செய்தால் நேராகிவிடும் என்றும், தானே ஏற்பாடு செய்வதாகவும் தரகர் ஒருவர் சொல்கிறார். காத்திருக்கலாமா?

பதில்: கோணல் எந்த மூட்டில் தொடங்குகிறது என்பதை நீங்கள் எழுதவில்லை, விடை முழுவதும் அதில்தான் இருக்கிறது. நம் கடற்கரை மணலில் குளம்பு புதைவதால் நல்ல காலும் கோணலாகத் தெரியும். ஆகவே குட்டியைச் சிமெண்ட் தரையில் நிறுத்தி, அந்தக் காலுக்கு நேர் எதிரே குந்தி உட்கார்ந்து பாருங்கள்.

முட்டியில், அதாவது முன்னங்காலின் நடுவே மடங்கும் மூட்டில், தொடங்கும் இலேசான கோணல் பல குட்டிகளுக்குப் பிறவியிலேயே உண்டு. ஓட்டத்தைக் குறைத்து, குளம்பை அளவாகச் சீவிவந்தால் சில மாதங்களில் பெரும்பாலும் தானே நேராகும். ஆகாவிட்டாலும் அங்கே எலும்பு நெடுநாள் வளர்வதால் அவகாசம் இருக்கிறது. கணுக்காலில், அதாவது குளம்புக்குச் சற்று மேலே உள்ள மூட்டில், தொடங்கினால் அந்த அவகாசம் இல்லை. அங்குள்ள வளர்ச்சித் தட்டு (எலும்பை நீளச் செய்யும் குருத்தெலும்புப் பகுதி) முதல் 3 மாதத்திலேயே தன் வேலையை ஏறக்குறைய முடித்துவிடுவதால், 2 மாதம் நிறைவதற்குள் அறுவை நடந்தாக வேண்டும். உங்களுக்கு மிஞ்சியிருப்பது 20 நாள்.

வேகமாக வளரும் பக்கத்தில் ஒரு திருகாணியைச் செலுத்தி அப்பக்க வளர்ச்சியை நிறுத்திவைத்தால், மறுபக்கம் வளர்ந்து காலை நேராக்கும். கால் நேரானதும் மீண்டும் மயக்கமருந்து கொடுத்துத் திருகாணியைக் கழற்ற வேண்டும். கழற்றாமல் விட்டால் கால் எதிர்ப்பக்கம் கோணும். தரகர் கூறும் தொகையில் இந்த இரண்டாவது அறுவை இருக்கிறதா என்று கேளுங்கள். வளர்ச்சியைப் பயன்படுத்தும் இந்தச் சிகிச்சை, ஒரு வயதில் கணுக்காலுக்குச் சிறிதும் பயன்படாது. ஒரு வயதுவரை காக்க வைத்து, பின் ‘நொண்டிக் குட்டி’ என்று அடிமாட்டு விலைக்குக் கேட்பவர்களையும், விற்பதற்கு முந்தைய நாள் குளம்பை ஒருபக்கமாகச் சீவிக் கோணலை மறைப்பவர்களையும் நான் நிறையவே பார்த்திருக்கிறேன். சூடு போட்டால் சரியாகும் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

முட்டிக் கோணலுக்கு அவகாசம் உண்டு என்றேனே, அதற்கு ஒரு விலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். குட்டி நாள் நிறையுமுன் பிறந்ததா, இரட்டையில் ஒன்றா? அப்படியானால் முட்டிக்குள் இருக்கும் சிறு எலும்புகள் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கக்கூடும். அந்த நிலையில் நடக்கவிட்டால் அவை உடல் எடையில் நசுங்கி உருக்குலையும். பிறகு எந்தத் திருகாணியும் உதவாது. கையால் மெல்ல அழுத்தும்போது கால் நேராகிறதென்றால் இந்தச் சந்தேகம் வலுக்கும். தசைநார்த் தளர்ச்சியாலும் அப்படி நேராகலாம். எக்ஸ்ரே எடுக்கும்வரை குட்டியைக் கொட்டிலைவிட்டு வெளியே விடாதீர்கள்.

அந்த எக்ஸ்ரேவுக்குத்தான் அலைய வேண்டியிருக்கும். பரிந்துரைச் சீட்டுக்கு ஒரு நாள், கருவி பழுது என்று ஒரு வாரம், மருத்துவர் விடுப்பு என்று இன்னொரு வாரம். 60 நாள் கெடு உள்ள நோய்க்கும் பசுவின் சினைப் பரிசோதனைக்கும் ஒரே வரிசைதான். எனவே உள்ளூர் மருத்துவரிடம் இன்றே சீட்டு வாங்கி, திருநெல்வேலி அல்லது ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியைத் தொலைபேசியில் அழைத்து, குட்டியின் வயதை முதலில் சொல்லி, குதிரைக்கு இந்த அறுவை அங்கே நடக்குமா என்று கேட்டபின் புறப்படுங்கள். தாய்க் குதிரையையும் அதே வண்டியில் ஏற்றுங்கள். அது அருகில் இல்லாவிட்டால் குட்டி படம் எடுக்க நிற்காது.