பழைய மொறிஸ் மைனர் பிக்கப்புக்கு ஸ்டியரிங் சாமான் எங்கே எடுக்கலாம்?

1965ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் பிக்கப் ஒன்றை யாழ்ப்பாணத்தில் வைத்திருக்கிறீர்கள். ஸ்டியரிங் ஆடுகிறது, ராக்கை (ஸ்டியரிங் திருப்பத்தைச் சில்லுகளுக்குக் கடத்தும் பல் வெட்டிய தண்டை) மாற்றச் சொல்லிவிட்டார்கள், பிக்கப்புக்கான ராக் எந்தக் கடையிலும் இல்லை, என்ன செய்வது என்பது உங்கள் கேள்வி. எங்கள் வீட்டிலும் இதே பிக்கப்தான் ஓடுகிறது. அதனால் சொல்கிறேன், ராக் தேடுவதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். மைனரில் ராக் சுலபத்தில் பழுதாகாது. அதற்கு வெகு முன்பே முன்சில்லைத் தாங்கும் புரி மூட்டான ட்ரனியன் தேய்ந்துவிடும்.

முதலில் முன்பக்கத்தை ஜக் போட்டு உயர்த்தி, அடியில் உறுதியான ஸ்டாண்ட் வையுங்கள். சில்லின் உச்சியில் ஒரு கை, அடியில் ஒரு கை பிடித்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், வேறொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். மிதித்தவுடன் ஆட்டம் நின்றுபோனால் அது சில்லு பேரிங். நிற்கவில்லை என்றால் சில்லு நின்று திரும்பும் ஸ்விவல் பின்னும் ட்ரனியனும். அப்புறம் சில்லின் இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள். அங்கே ஆட்டம் வந்தால் டை ரொட் எண்ட் (ராக்கைச் சில்லோடு இணைக்கும் தண்டின் முனை மூட்டு) பக்கம் பார்க்க வேண்டும். ஒருவர் ஆட்டும்போது மற்றவர் அந்த மூட்டின் மேல் விரலை வைத்திருக்கட்டும். கண்ணில் படாத ஆட்டமும் விரலுக்குத் தெரியும். சில்லில் ஒன்றுமில்லை, கையில் பிடிக்கும் ஸ்டியரிங் வளையம்தான் மேலும் கீழும் ஆடுகிறது என்றால், அந்த வளையம் பூட்டிய ஸ்டியரிங் கொலத்தின் மேல்முனையில் இருக்கும் கம்பளிப் புஷ் தேய்ந்திருக்கும். அது மலிவான சாமான்.

ட்ரனியனை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. மைனரின் முன்சில்லு நிற்பது ஸ்விவல் பின்னில். அந்தப் பின்னின் இரு முனைகளிலும் புரி வெட்டி, மேலும் கீழும் ஒவ்வொரு ட்ரனியனில் திருகி விட்டிருக்கிறார்கள். சில்லு திரும்பும்போது பின் அந்தப் புரியில்தான் சுழல்கிறது. வண்டியின் முன்பாரத்தை, முறுக்கி வில்லாக வேலை செய்யும் தண்டான டோர்ஷன் பாரிலிருந்து கீழ்க்கை வழியாக, கீழ் ட்ரனியனின் புரிதான் தாங்குகிறது. கிறீஸ் போகாமல் புரி தேய்ந்தால் ஒருநாள் பின் ட்ரனியனைவிட்டுக் கழன்றுவிடும். சில்லு மட்கார்டுக்குள் மடிந்துபோய் வண்டி தரையில் உட்காரும். பெரும்பாலும் வீட்டு வாசலில் மெதுவாக வெட்டித் திருப்பும்போதுதான் இது நடக்கும். ஏ9 வீதியில் நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எனவே ராக்குக்குக் காசு சேர்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

இனி சாமானுக்கு வருவோம். நீங்கள் கடையில் "பிக்கப்புக்கு இருக்கா?" என்று கேட்பதுதான் சிக்கல். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மைனர் கார் 1948இல் வந்தது. பிக்கப்பும் வானும் 1953இலிருந்து வந்தன. இவற்றுக்குப் பின்பக்கம் தனி சேசிஸ், பாரம் ஏற்றும் வில்லு எல்லாம் வேறு. ஆனால் முன்பக்கம் காருடையதேதான். "மைனர் 1000 காருக்கு ஸ்விவல் பின், ட்ரனியன், டை ரொட் எண்ட்" என்று கேளுங்கள். சுமார் 16 லட்சம் மைனர்கள் செய்யப்பட்டன. அதில் ஆயிரக்கணக்கானவை இன்னும் ஓடுகின்றன. அதனால் இங்கிலாந்தில் இந்தச் சாமான்களை இன்றைக்கும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். நாமும் வலப்பக்க ஸ்டியரிங் நாடு என்பதால் அவர்களுடைய ராக்கும் நமக்கு அப்படியே பொருந்தும். இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர்களுக்கென்றே ஒரு மையம் நடத்திய சார்ல்ஸ் வெயார் என்பவர், 1990களில் இலங்கையரோடு கூட்டுச் சேர்ந்து இங்கேயே மைனர் சாமான் செய்து அனுப்பினார். மைனருக்குச் சாமான் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கொழும்புக்குப் போக முடிந்தால் வாகனச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஒருநாள் முழுக்கச் சுற்றுங்கள். பழைய ட்ரனியனைத் துடைத்துக் கையில் கொண்டு போங்கள். வாயால் சொல்லும் பெயரை நம்பி எதையும் வாங்காதீர்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் புரியை ஒப்பிடுங்கள். இடப்பக்கத்து ஸ்விவல் பின்னும் வலப்பக்கத்தும் ஒன்றல்ல, புரி எதிரெதிராக ஓடும். ஒரே பக்கத்துப் பின் இரண்டை வாங்கிக்கொண்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். இன்னொன்று, "மொறிஸ்தானே, அம்பாசிடர் சாமான் போடலாம்" என்று சிலர் இந்தியச் சாமானை நீட்டுவார்கள். அம்பாசிடர் மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டின் வழிவந்தது. அதிலும் ராக்தான், அதிலும் டோர்ஷன் பார்தான், ஆனால் அளவு வேறு. மைனருக்கு ஆகாது.

லண்டனில் உறவினர் இருந்தால் வேலை சுலபம். அங்கே அவர்கள் வீட்டு முகவரிக்கு ஓடர் கொடுத்துவிட்டு, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள். கிறீஸ் இல்லாத புதிய சாமானாக, பற்றுச்சீட்டோடு, சரக்குப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள். கைப்பையில் இரும்புத் தண்டு வைத்தால் விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். ஸ்விவல் பின்கள் பாரம், ஆளுக்கு ஒரு சோடி போதும்.

எங்கள் ஊர் லேத் பட்டறைகள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது ஒஸ்டின் ஏ40, மைனர் கார்கள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடியது அவர்கள் கைவேலையால்தான். புஷ், வாஷர், அடைப்பு மூடி போன்றவற்றைத் தாராளமாக அவர்களிடம் கடைந்து வாங்கலாம். ஆனால் ஸ்விவல் பின்னின் தேய்ந்த புரியை ஒட்டு வைத்து மறுபடி வெட்டச் சொல்லாதீர்கள். டை ரொட் எண்டையும் ஒட்ட வேண்டாம். சூடு பட்ட இரும்பு எப்போது முறியும் என்று எந்தப் பட்டறைப் பாஸாலும் சொல்ல முடியாது. இந்த இரண்டும் புதிதாகத்தான் வேண்டும்.

எல்லாம் சரி, ராக்தான் தேய்ந்திருக்கிறது என்று உறுதியானால், அதையும் உடனே வீச வேண்டாம். ராக்கை பினியன் என்ற சிறு பற்சக்கரத்தோடு அழுத்திப் பிடிக்க வில்லு வைத்த ஒரு தாங்கி இருக்கும். அதன் மூடிக்கு அடியில் மெல்லிய சிம் தகடுகள். ஒன்றிரண்டை எடுத்தால் ஆட்டம் குறையும். பிறகு ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். நடுவில் சரியாகவும் ஓரங்களில் இறுக்கமாகவும் இருந்தால், ராக்கின் நடுப்பற்கள் தேய்ந்துவிட்டன என்று பொருள். அப்போதுதான் புது ராக். இரு பக்க ரப்பர் உறையும் கிழிந்திருந்தால் மாற்றிவிட்டு, உள்ளே 90ஆம் நம்பர் கியர் ஒயில் விடுங்கள். பலர் கிறீஸ் திணிக்கிறார்கள். கிறீஸ் பற்களிலிருந்து ஒதுங்கி ஓரத்தில் போய் இறுகிவிடும்.

பூட்டும்போது பழைய நட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். இவை அங்குலக் கணக்குப் புரி. தொலைந்த நட்டுக்கு மில்லிமீட்டர் நட்டை வலிந்து ஏற்றினால் இரண்டு புரியும் போய்விடும். நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்ப்ளிட் பின் எப்போதும் புதிதாக இருக்கட்டும். ட்ரனியனுக்குக் கிறீஸ் அடிக்கும்போது முன்பக்கம் ஜக்கில் தூக்கியபடி, சில்லின் மேல் பாரம் இல்லாத நிலையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாரம் தாங்கும் பக்கத்துக்குக் கிறீஸ் போகாது. ஆயிரம் மைலுக்கு ஒருமுறை அடியுங்கள். பழைய கைநூலும் அதைத்தான் சொல்கிறது. கடைசியாக, முன்சில்லு இரண்டும் உள்நோக்கி 3/32 அங்குலம், அதாவது 2.4 மில்லிமீட்டர் இருக்கும்படி அலைன்மெண்ட் பாருங்கள். கடைக்காரரின் கணினியில் மைனர் இருக்காது, இந்த எண்ணை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள்.