நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்தைப் பூனைக்கு விடலாமா?

கேள்வி: குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு. 14 கிலோ எடையில் ஒரு நாட்டுநாயும், 5 வாரக் குட்டிகளோடு ஒரு தாய்ப்பூனையும் இருக்கின்றன. நாய்க்கு உண்ணி, பூனைகளுக்குத் தெள்ளு. நாய்க்குக் கடையில் சொட்டு மருந்து தந்தார்கள். அதில் பாதியைப் பூனைக்கு விடலாமா டாக்டர்? வாழைக்கு அடிக்கும் மருந்தைக் கலக்கிக் குளிப்பாட்டினால் போதும் என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொல்கிறார். - ஒரு வாசகி

பதில்: முதலில் பூனை விஷயம். அந்த மருந்தைப் பாதி அல்ல, ஒரு துளிகூடப் பூனைக்கு விடாதீர்கள். அட்டையில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியின் பெயர் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நாய் அதைத் தாங்கும். பூனையின் ஈரலுக்கு அதை முறித்து வெளியேற்றும் திறன் மிகக் குறைவு. ஆகவே அளவைக் குறைப்பதால் ஆபத்து நீங்காது. நாய் மருந்து பட்ட பூனை ஒன்றை என்னிடம் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். காது துடித்து, உடம்பெல்லாம் உதறி, வலிப்பில் கிடந்தது. நல்ல எண்ணத்தில் ஊற்றிய மருந்துதான் அது. தவறிப் பட்டுவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரிலும் பாத்திரம் கழுவும் சோப்பிலும் கழுவி, துடைத்து, குளிராமல் சுற்றி, உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். நடுக்கம் வரட்டும் பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது.

உங்கள் நாய் மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால், நாய்க்குப் போடுவதிலும் சிக்கல் உண்டு. தாய்ப்பூனை நாயை ஒட்டிப் படுக்கும், நக்கும். பூனை உள்ள வீட்டுக்கு அந்த மருந்தே வேண்டாம் என்பேன். மாற்றித் தரச் சொல்லுங்கள்.

நாய்க்கு ஃபிப்ரோனில் சொட்டு மருந்து போடலாம். எடைக்கு ஏற்ற பொட்டலம் வாங்கி, தோள்பட்டைகளுக்கு நடுவே முடியை விலக்கித் தோலில் படும்படி விடுங்கள். முன்னும் பின்னும் 2 நாள் குளிப்பாட்டாதீர்கள். மழையில் நனையும் நாய் என்றால் வாய்வழி மாத்திரை வசதி. அஃபாக்ஸோலானர் மாதம் ஒன்று, ஃப்ளூரலானர் ஏறக்குறைய 12 வாரத்துக்கு ஒன்று. ஆனால் நாய்க்கு முன்பு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் அதைச் சொல்லாமல் இந்த மாத்திரைகளை வாங்காதீர்கள். அமிட்ராஸ் கலந்து குளிப்பாட்டும் மருந்தும் பூனை இருக்கும் வீட்டுக்கு ஆகாது.

தாய்ப்பூனைக்குச் செலாமெக்டின் உள்ள பூனை மருந்து உண்டு. பால் கொடுக்கும்போதும் அதைப் பயன்படுத்தலாம். எடை பார்த்து மருத்துவர் சொல்லும் அளவில் போட்டு, காயும்வரை குட்டிகளைப் பிரித்து வையுங்கள். 5 வாரக் குட்டிகளுக்கு இப்போதைக்கு மருந்தே வேண்டாம். நெருக்கமான பல் கொண்ட சீப்பால் தினமும் வாரி, வரும் தெள்ளைச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். குட்டியின் ஈறு வெளிறியிருந்தால் தெள்ளு அதன் ரத்தத்தை உறிஞ்சிவிட்டது என்று பொருள். அன்றே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். அப்புறம், தேங்காய் எண்ணெயில் கற்பூரம் குழைத்துத் தடவும் வழக்கம் நம் ஊரில் உண்டு. நக்கினால் கற்பூரம் விஷம். குட்டிகள் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

வாழை மருந்தைப் பற்றி அண்ணனிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுங்கள். குளோர்பைரிபாஸ் போன்றவை தோல் வழியாகவே உள்ளே போகும். வாயில் எச்சில் ஒழுகி, மூச்சுத் திணறி நாய் சாகலாம். வெறுங்கையோடு குளிப்பாட்டுகிற உங்களுக்கும் அது விஷம்தான்.

உண்ணியைப் பிடுங்கும்போது கொறடு போன்ற சிறு சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் தீக்குச்சியால் சுடுவதும் வேண்டாம். விரலால் நசுக்கவும் வேண்டாம். நாய் சாப்பிடாமல் சோர்ந்து, காய்ச்சலோடு, கட்டன்சாயா (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் சிறுநீர் கழித்தாலோ மூக்கில் ரத்தம் வந்தாலோ அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அதற்கு ரத்தப் பரிசோதனை தேவை.

இவ்வளவு செய்தும் தெள்ளு திரும்ப வந்தால் மருந்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் உள்ள தெள்ளில் மிகச் சிறு பங்குதான் விலங்கின் மேல் இருக்கிறது. மிச்சம் முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் சாக்கிலும் தரை இடுக்கிலும் கிடக்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் வாங்கும் நம் கன்னியாகுமரி மாவட்டத்து ஈரம் அதற்கு நல்ல சௌகரியம். நாய் உண்ணியோ கீழே இறங்கிச் சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய் படுக்கும் சாக்கைக் கொதிநீரில் அலசி வெயிலில் போடுங்கள். விறகுப்புரையைக் கூட்டி, வெடிப்புகளைச் சிமெண்டு வைத்து அடையுங்கள். நாய், தாய்ப்பூனை இரண்டுக்கும் ஒரே வாரத்தில் மருந்து போட்டு, குறைந்தது 3 மாதம் விடாமல் தொடருங்கள்.