ஃப்ராய்டைப் படித்துவிட்டு உளவியல் கேட்கும் மகள்: குடியாத்தத்துத் தந்தைக்கு ஒரு பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை நிதானமாகப் படித்தேன். பிளஸ் டூ முடித்த உங்கள் மகள் பி.காம். வேண்டாம், உளவியல்தான் வேண்டும் என்று உறுதியாக நிற்பதையும், அவள் படித்துக்கொண்டிருந்த, வியன்னா மருத்துவர் சிக்மண்ட் ஃப்ராய்ட் பற்றிய நூலை நீங்கள் புரட்டியபோது பாலுணர்வைப் பற்றிய பக்கங்களைக் கண்டு கலங்கியதையும், "காலமெல்லாம் பாகாயத்து நோயாளிகளோடு இருக்கப் போகிறாளா?" என்று அங்குள்ள மனநல மையத்தை நினைத்து வீட்டுப் பெரியவர்கள் கேட்பதையும் எழுதியிருக்கிறீர்கள். தறியை நம்பிக் குடும்பம் நடத்தி, ஒரே மகளைப் பட்டப்படிப்புக்கு அனுப்பும் தந்தைக்கு இந்தக் கலக்கம் வருவது இயல்பே. ஆனால் என் கவலை வேறு. உங்கள் மகள் ஃப்ராய்டைத் தேடிக் கல்லூரிக்குப் போகிறாள். அங்கே ஃப்ராய்ட் ஒரு தாளின் ஓர் அலகில்தான் இருப்பார். புள்ளியியலும் ஆய்வுமுறையும் சோதனைக்கூடப் பதிவேடும் எதிரே வந்து நின்றதும், தவறான படிப்பில் சேர்ந்துவிட்டோம் என்று முதலாண்டிலேயே மனம் உடைந்த பிள்ளைகளை இந்த வேலூரிலேயே நான் கண்டிருக்கிறேன்.

ஏன் அப்படி என்பதற்கு, நோயாளியைப் பேசவைத்து அவர் அறியாத உள்மனத்தை ஆராயும் ஃப்ராய்டின் உளப்பகுப்பாய்வு வளர்ந்த வரலாற்றில்தான் விடை இருக்கிறது. உளப்பகுப்பாய்வு பல்கலைக்கழக வகுப்பறையில் பிறந்தது அன்று. ஒரு நோயாளியின் படுக்கையருகே பிறந்தது. வியன்னாவில் யோசெப் பிராயர் என்ற மருத்துவர் 1880 முதல் 1882 வரை ஓர் இளம்பெண்ணுக்குச் சிகிச்சை அளித்தார். அவளுக்குக் கை கால் மரத்துப்போகும், சில நாள் தாய்மொழியான ஜெர்மன் மொழியே வராது. ஒவ்வோர் அறிகுறியும் முதலில் தோன்றிய சூழலை அவள் நினைவுகூர்ந்து சொல்லச் சொல்ல அந்த அறிகுறி தணிந்தது என்று பிராயர் குறித்தார். 'பேச்சுச் சிகிச்சை' என்று அதற்குப் பெயர் வைத்தவளும் அந்த நோயாளியே. 1895இல் பிராயரும் சிக்மண்ட் ஃப்ராய்டும் சேர்ந்து, உடலில் காரணம் தெரியாமல் இத்தகைய அறிகுறிகள் தோன்றும் ஹிஸ்டீரியா பற்றி வெளியிட்ட நூலில் அவள் 'அன்னா ஓ' என்ற மறைபெயரில் இடம்பெற்றாள். அந்தச் சிகிச்சை அவர்கள் எழுதிய அளவுக்கு வெற்றி பெறவில்லை என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் வெளிக்கொண்டு வந்திருக்கிறார்கள்; அதன் பிறகும் அவள் மருத்துவமனைகளில் தங்க வேண்டியிருந்தது. ஆனால் பெர்த்தா பாப்பன்ஹைம் என்ற அந்தப் பெண்தான் பின்னாளில் 1904இல் ஜெர்மனியின் யூதப் பெண்கள் சங்கத்தை நிறுவி, ஆதரவற்ற பெண்களுக்காக வாழ்நாள் முழுதும் உழைத்தார். மனநோயாளி என்றாலே வாழ்வு முடிந்தது என்று எண்ணும் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இதை அவசியம் சொல்லுங்கள்.

1902இல் ஃப்ராய்ட் தம் வீட்டுக் காத்திருப்பு அறையில் புதன்கிழமைதோறும் சில மருத்துவர்களைக் கூட்டிப் பேசத் தொடங்கினார். அந்தக் கூட்டமே 1908இல் வியன்னா உளப்பகுப்பாய்வுச் சங்கமாயிற்று. அவர் பல்கலைக்கழகத்திலும் விரிவுரை ஆற்றினார் என்றாலும், தொழிலாக அந்தக் கலையைக் கற்பிக்கும் பொறுப்பு சங்கங்களிடமே தங்கிவிட்டது. 1920இல் பெர்லினில் அமைந்த மருத்துவகமும் அதனோடு வளர்ந்த பயிற்சி நிலையமும் ஒரு முறையை வகுத்தன. பிறர் மனத்தைக் கேட்க விரும்புகிறவர் முதலில் தாமே ஒரு மூத்தவரிடம் பகுப்பாய்வுக்கு உட்பட வேண்டும். கோட்பாட்டைப் பாடமாகப் பயில வேண்டும். பிறகு மேற்பார்வையின்கீழ் நோயாளிகளைப் பார்க்க வேண்டும். இன்றும் உலகெங்கும் உளப்பகுப்பாய்வாளராவதற்கு இந்த மூன்றும்தான் வழி. ஆகவே பிளஸ் டூவிலிருந்து நேரே உளப்பகுப்பாய்வாளராக்கும் இளங்கலைப் பட்டம் எதுவும் இல்லை. முதலில் உளவியல் அல்லது மருத்துவப் பட்டம், பிறகு பல ஆண்டுப் பயிற்சி என்ற வரிசையை உங்கள் மகள் இப்போதே மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

உங்களைக் கலக்கிய பக்கங்களுக்கு வருகிறேன். குழந்தைப் பருவத்திலேயே பாலுணர்வின் வேர்கள் உண்டு என்று ஃப்ராய்ட் 1905இல் எழுதியபோது வியன்னாவின் மருத்துவர்களே முகம் சுளித்தார்கள். அவரோடு உட்கார்ந்து பேசியவர்களும் அதை அப்படியே ஏற்கவில்லை. மனிதனை இயக்குவது தாழ்வுணர்வும் அதை வெல்லும் முயற்சியும் என்று சொல்லி ஆல்ஃபிரட் ஆட்லர் 1911இல் விலகினார். உள்ளாற்றலைப் பாலுணர்வுக்குள் அடக்க முடியாது என்று கார்ல் யுங் 1913 வாக்கில் பிரிந்தார். இந்த வாதங்களை ஒழுங்காகப் பயிலும் மாணவி கெட்டுப்போவதில்லை, ஐயா. ஒரு கருத்து எங்கே சான்றோடு நிற்கிறது, எங்கே ஊகமாக நிற்கிறது என்று பிரித்தறியப் பழகுகிறாள். தந்தையின் கண் முன்னே அந்த நூலைத் திறந்து வைத்துப் படிக்கும் பெண்ணிடம் மறைப்பு ஏதும் இல்லை என்றே நான் எண்ணுகிறேன்.

பிற்கால வளர்ச்சி உங்களுக்கே பிடிக்கக்கூடும். ஃப்ராய்டின் மகள் அன்னா, மனம் தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகளை 1936இல் தொகுத்து எழுதினார். ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலையில் மேலாளரிடம் ஏச்சு வாங்கியவர் அங்கே வாய் திறக்காமல் வீட்டுக்கு வந்து, சோற்றில் உப்பில்லை என்று குழந்தையின் முன்னால் தட்டைத் தள்ளுகிறார் அல்லவா? அது இடப்பெயர்ச்சி எனப்படும் தற்காப்பு. லண்டனில் மெலனி கிளைனும், குழந்தை மருத்துவராக இருந்து உளப்பகுப்பாய்வுக்கு வந்த டொனால்ட் வினிகாட்டும், தாய்க்கும் சேய்க்கும் உள்ள பிணைப்பை மையத்தில் வைத்தார்கள். குழந்தை தன்னைப் பேணுபவரோடு கொள்ளும் பிணைப்பை விளக்கும் பற்றுக் கோட்பாட்டை ஜான் பௌல்பி உருவாக்கினார். அவரோடு பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனையில் தாயைப் பிரிந்து எட்டு நாள் இருந்த இரண்டு வயதுக் குழந்தையின் துயரத்தை 1952இல் படமாக எடுத்துக் காட்டினார். பெற்றோர் வந்து பார்ப்பதற்குக்கூடக் கடுங்கட்டுப்பாடு இருந்த அந்நாட்டு மருத்துவமனைகள், குழந்தையோடு தாய் இருப்பதன் தேவையை மெல்ல மெல்ல உணர்ந்தன.

இந்த இடத்தில் எனக்குப் பாகாயம் நினைவுக்கு வருகிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி. அங்கே நடத்தும் மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் உடன் தங்கிச் சிகிச்சையில் பங்குகொள்ளும் வழக்கம் 1950களிலேயே தொடங்கியது. அதற்கு உளப்பகுப்பாய்வு காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உறவிலிருந்து பிரித்து ஒரு மனத்தைப் பார்க்க முடியாது என்ற உண்மையை நம் ஊர் நடைமுறையில் கண்டுகொண்டது. வீட்டுப் பெரியவர்கள் அச்சத்தோடு சொல்லும் அந்தப் பெயர், மனநலத் துறையில் இருப்பவர்கள் மதிப்போடு சொல்லும் பெயர்.

இது அயல்நாட்டுச் சரக்கு என்ற எண்ணமும் முழு உண்மையன்று. கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் என்ற மருத்துவர் 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். ஃப்ராய்டை ஒருமுறையும் நேரில் காணாமல் கடிதம் வழியாகவே அவரோடு வாதிட்டார். ஐரோப்பிய நோயாளிகளிடம் கண்டதை இந்திய மனத்துக்கு அப்படியே பொருத்த முடியாது என்று தம் நோயாளிகளை வைத்தே மறுத்தார். ஃப்ராய்டின் 75ஆம் பிறந்தநாளுக்கு இங்கிருந்து தந்தத்தாலான விஷ்ணு சிலை ஒன்று போயிற்று. அதை அவர் தம் மேசையில் வைத்துக்கொண்டார். குடியாத்தத்துப் பெண் ஒருத்தி தமிழ்க் குடும்பங்களின் மனத்தைத் தமிழில் கேட்டு எழுதும் நாள் வந்தால், அது போஸ் தொடங்கிய வேலையின் தொடர்ச்சியாகவே இருக்கும்.

எனினும் ஃப்ராய்டே முடிவு என்று அவள் நம்பிச் செல்லக் கூடாது. அவருடைய கூற்றுகள் பலவற்றைச் சோதித்துப் பார்க்க இயலாது என்ற குறை வலுவானது. எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்குவதாக இன்று பரவலாகக் கையாளப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை 1960களில் உருவாக்கிய ஆரன் பெக், உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்றவர். மனச்சோர்வு பற்றிய அதன் விளக்கத்தைச் சோதிக்கப் போய், முடிவுகள் ஒத்துவராததால் வேறு வழி கண்டவர். ஃப்ராய்டை நேசிக்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது பெக்கின் கதையைத்தான். அவரை அந்த இடத்துக்குக் கொண்டு சேர்த்ததும் மாணவர்கள் வெறுக்கும் அதே புள்ளியியல்தான்.

படிப்பின் வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்றாண்டு இளங்கலை, இரண்டாண்டு முதுகலை. மருத்துவமனையில் மருத்துவ உளவியலாளராகப் பணியாற்ற வேண்டுமானால் அதற்கு மேல் இந்திய மறுவாழ்வுக் கழகம் ஏற்ற பயிற்சியும் பதிவும் வேண்டும். அந்தப் பயிற்சிப் படிப்புகளின் பெயரும் வடிவும் இப்போது மாறிவருவதால், சேரும் ஆண்டில் கழகத்தின் ஏற்பை நேரடியாகச் சரிபாருங்கள். மாத்திரை எழுதித் தரும் மனநல மருத்துவராவது வேறு பாதை, அதற்கு எம்.பி.பி.எஸ். முடித்து எம்.டி. படிக்க வேண்டும். தபால் வழியில் பட்டம் வாங்கித் தருவதாக யார் சொன்னாலும் பணம் கட்டாதீர்கள்: 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் உளவியலைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவுறுத்தியிருக்கிறது. இளங்கலையோடு நின்றுவிட்டால் வேலை வாய்ப்பு குறைவு என்பதையும் மறைக்க மாட்டேன். ஐந்தாண்டுக்காவது செலவைத் திட்டமிட முடிந்தால் மட்டுமே தொடங்குங்கள். முதுகலைக்குப் பின் பள்ளி ஆலோசகர், போதை மறுவாழ்வு மையம், நிறுவனங்களின் மனிதவளப் பிரிவு எனப் பல இடங்கள் உண்டு.

வரும் சனிக்கிழமை உங்கள் மகளையும் அழைத்து வாருங்கள். சேர எண்ணும் கல்லூரியின் மூன்றாண்டுப் பாடத்திட்டத்தை அவள் முழுதாக அச்செடுத்து, ஃப்ராய்ட் வரும் இடங்களையும் வராத இடங்களையும் குறித்துக்கொண்டு வரட்டும். வராத இடங்களில் எது அவளுக்குப் படிக்கத் தோன்றுகிறது என்பதே நான் அவளிடம் கேட்கப்போகும் முதல் கேள்வி.