ஏர்பிரஷ்ஷில் போட்டோ போல வரைய: கேட்டவையும் சொன்னவையும்

பாம்பனிலிருந்து: அண்ணே, பாலம் பின்னால் தெரிய எங்கள் அப்பா முகத்தை வரைந்தேன். எல்லாரும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். போட்டோ மாதிரி இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. படம் முழுக்கப் பனி மூடியது போல இருக்கிறது.

தம்பி, ஏர்பிரஷ் காற்றழுத்தத்தால் பெயின்ட்டைத் தூவும் கருவி. அதை அதன் போக்கில் விட்டால் எல்லா விளிம்பையும் மென்மையாக்கிவிடும். போட்டோ அப்படி இருக்காது. அப்பாவின் போட்டோவை எடுத்து விளிம்புகளை மட்டும் பாருங்கள். மூக்கின் நிழல் கன்னத்தில் விழும் இடம் வெட்டியது போல இருக்கும். கன்னம் காதுப் பக்கம் வளையும் இடம் மெல்லக் கரையும். பாலம் ஃபோகஸில் இல்லை என்றால் அதன் கம்பி ஒன்றுகூடக் கூராக இருக்கக் கூடாது.

கூரான விளிம்புக்கு, பெயின்ட் படாமல் மறைக்கும் ஒட்டும் மாஸ்க்கிங் ஃபிலிமை வெட்டி ஒட்டுங்கள். கொஞ்சம் மென்மை வேண்டிய இடத்தில் அட்டையை வெட்டி, தாளிலிருந்து அரை சென்டிமீட்டர் தூக்கிப் பிடித்து அடியுங்கள். தூக்கத் தூக்க விளிம்பு கரையும். மற்ற இடங்களில் மறைப்பே இல்லாமல் வெறும் கையோட்டம்தான். நான் பெயின்ட்டைத் தொடும் முன்பே டிரேசிங் தாளில் ஒவ்வொரு விளிம்பும் இந்த மூன்றில் எது என்று 1, 2, 3 என எண் போட்டுவிடுவேன். அதற்கே ஒரு நாள் போகும். படம் போட்டோ ஆவதும் ஆகாததும் அந்த நாளில்தான் முடிவாகிறது. நிறமெல்லாம் அப்புறம்.

கீழக்கரையிலிருந்து: நரைத்த தாடிக்கு வெள்ளை அடித்தால் நீலம் பாய்கிறது அண்ணே. நல்ல வெள்ளைதான் வாங்கினேன்.

வெள்ளையில் குறை இல்லை. கருநிறத்தின் மேல் வெள்ளை மெல்லிய தூசியாகப் படியும்போது நீல ஒளியையே அதிகம் சிதறடிக்கும். இருட்டான அடுப்படியில் விறகுப் புகை நீலமாகத் தெரிவதும் இப்படித்தான். அடித்தாகிவிட்டது என்றால், அதன் மேல் ஒளி ஊடுருவும் மஞ்சளோ ஆரஞ்சோ மிக நீர்க்க ஒரு தடவை விடுங்கள், சரியாகும்.

ஆனால் வெள்ளையே தொடாமல் வரையப் பழகுவதுதான் நல்லது. தாளின் வெள்ளைதான் உங்கள் வெள்ளை. ஒளி ஊடுருவும் பெயின்ட்டை ஏழெட்டு மெல்லிய அடுக்காக ஏற்றுங்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் இடையே கத்தி நுனியால் தாடி மயிரைச் சுரண்டி எடுங்கள். தாடி வளர்ந்த திசையிலேயே சுரண்ட வேண்டும். அடுத்த அடுக்கு விழும்போது பழைய கீறல் சற்று மங்கி உள்ளே போகும், புதியது மேலே நிற்கும். அப்போதுதான் தாடிக்கு அடர்த்தி வரும். இதற்கு வழவழப்பான கெட்டித் தாள் வேண்டும், சாதாரணத் தாள் பிய்ந்துவிடும். அமெரிக்க ஓவியர் சக் குளோஸ் 1967-68இல் சுமார் ஒன்பதடி உயரத்துக்குத் தன் முகத்தை வரைந்தது ஏர்பிரஷ்ஷும் கறுப்பு அக்ரிலிக்கும் பிளேடும் வைத்துத்தான்.

மண்டபத்திலிருந்து: அடிக்கும்போது நடுநடுவே தண்ணீர்த் துளி தெறிக்கிறது. கம்ப்ரஸர் போச்சா?

இல்லை, நம் ஊர்க் காற்று அப்படி. ஈரக் காற்றை அழுத்தினால் சூடாகும், குழாயில் போகப் போக ஆறி நீராகிவிடும். ஒரு ஐப்பசி மாதம், இரண்டு வாரமாக வரைந்த ஒரு பாட்டியின் நெற்றியில் ஒரே ஒரு துளி விழுந்தது. காப்பாற்ற முடியவில்லை. அன்றிலிருந்து டேங்க் உள்ள கம்ப்ரஸர்தான் வைத்திருக்கிறேன். ஈரம் பிடிக்கும் ஃபில்டரைக் கம்ப்ரஸர் வாயிலோடு நிறுத்தாமல், காற்று ஆறி வரும் ஏர்பிரஷ் பக்கமும் ஒன்று மாட்டுங்கள். வேலை முடிந்ததும் டேங்க்கின் அடி வால்வைத் திறந்து நீரை வடித்துவிடுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கடல் பக்க ஜன்னலைச் சாத்துங்கள், ஈரப் பெயின்ட்டில் மணல் ஒட்டும்.

ஏர்வாடியிலிருந்து: பெயின்ட் நுனியிலேயே காய்ந்துவிடுகிறது அண்ணா. எவ்வளவு நீர்க்க வேண்டும்?

பால் பதம் தங்கச்சி. பெயின்ட் வெளிவரும் நுனித் துளை (நாசில்) 0.3 மி.மீ. என்றால் காற்றழுத்தத்தை 20 பிஎஸ்ஐ அளவில் தொடங்கலாம். இமை மாதிரி நுண்ணிய வேலைக்கு இன்னும் நீர்த்து, அழுத்தத்தையும் குறையுங்கள். வெயில் காலத்தில் காய்வதைத் தாமதிக்கும் ரிடார்டர் ஓரிரு துளி போதும். முதலில் காற்று, பிறகு பெயின்ட். நிறுத்தும்போது முதலில் பெயின்ட், கடைசியில் காற்று. சிலந்திக்கால் போலப் பெயின்ட் ஓடினால் மிக அருகில் பிடித்து அதிகம் விடுகிறீர்கள்.

தேவிபட்டினத்திலிருந்து: தனுஷ்கோடி கடலை வரைந்தால் நீலத் துணி விரித்தது போல வருகிறது.

நீலத்தில் தொடங்கியதால்தான். கரையோரத் தண்ணீரில் முதலில் மணலை வரையுங்கள், அது நன்றாகக் காயட்டும். பிறகு பச்சை கலந்த நீலத்தை ஒளி ஊடுருவும்படி ஏற்றுங்கள். ஆழம் கூடக் கூட அடுக்கும் கூடட்டும். பெண் கடல் என்று நாம் சொல்லும் பாக் நீரிணைப் பக்கம் அலை சின்னது, அங்கே மினுக்கத்தை அடக்கிப் போடுங்கள். ஆண் கடலான மன்னார் வளைகுடாப் பக்கம் அலையின் முதுகில் கூரான வெள்ளைக் கீறல்கள் வேண்டும். ஈர மணல் காய்ந்த மணலைவிடக் கருமை. அதை மறந்தால் தண்ணீர் தண்ணீராகத் தெரியாது.

தொண்டியிலிருந்து: தம்பி, பேரன் வீட்டுக்குள்ளேயே அடிக்கிறான். தண்ணீரில் கலக்கும் பெயின்ட்தானே, மாஸ்க் எதற்கு என்கிறான்.

கட்டாயம் வேண்டும் ஐயா. தண்ணீர் காய்ந்துவிடும், நிறத்தூள் நுரையீரலில் தங்கும். துணி மாஸ்க் போதாது, நுண்தூசியைத் தடுக்கும் ஃபில்டர் பொருத்திய ரெஸ்பிரேட்டர் வாங்கிக் கொடுங்கள். காட்மியம் கலந்த மஞ்சள், சிவப்பு பெயின்ட்டை ஏர்பிரஷ்ஷில் ஊற்றவே கூடாது. அவன் அடிக்கும் அறையில் சின்னப் பிள்ளைகளைப் படுக்க வைக்காதீர்கள்.