கட்சியை விட்டு விலகச் சொல்லும் சமூக ஊடகப் பிரசாரங்களால் உண்மையில் வாக்கு மாறுமா?

கேள்வி கேட்டவர் அமெரிக்காவின் ‘வோக் எவே’ (விலகிப் போ) பிரசாரத்தைச் சுட்டிக்காட்டி, இலங்கைத் தமிழர் பக்கம் இப்படி ஏதும் நடந்ததா, பலன் இருந்ததா என்று கேட்டிருக்கிறார். நான் யாழ்ப்பாணத்தில் கோண்டாவிலில் இருக்கிறேன். 2024 இன் கடைசி மாதங்களில் எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் இதைத் தவிர வேறு கதை ஓடவில்லை. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

மாறவே மாறாது என்று சொல்ல மாட்டேன். மனதால் ஏற்கனவே வெளியே வந்து படலையடியில் நிற்கிற ஆளுக்கு இந்தப் பிரசாரம் படலையைத் திறந்து விடும். ஒழுங்கைக்கு இறங்கிய பிறகு அவர் எந்தப் பக்கம் நடப்பார் என்பது திறந்து விட்டவரின் கையில் இல்லை.

முதலில் அமெரிக்கக் கதை. 2018 மே மாதம் நியூயோர்க்கில் முடிதிருத்துநராக இருந்த பிரண்டன் ஸ்ட்ராக்கா என்பவர், ஜனநாயகக் கட்சியைத் தான் ஏன் கைவிட்டேன் என்று ஒரு காணொளி போட்டார். அதையொட்டி உருவான முகநூல் குழுவில் ஐந்து இலட்சத்துக்கும் மேல் ஆட்கள் சேர்ந்தார்கள். ‘நானும் விலகினேன்’ என்று சுற்றிய படங்களில் சில, காசுக்கு விற்கும் படத் தளங்களிலிருந்து எடுத்த விளம்பர முகங்கள் என்பது பின்னர் வெளியே வந்தது. அந்த வருட நவம்பர்த் தேர்தலில் பிரதிநிதிகள் சபையைப் பிடித்தது அதே ஜனநாயகக் கட்சிதான். 2021 ஜனவரியில், அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத் தாக்குதலுக்குப் பிறகு முகநூல் அந்தக் குழுவை நீக்கியது. இன்னொரு விஷயம், அங்கே பல மாநிலங்களில் வாக்காளராகப் பதியும்போதே எந்தக் கட்சி என்றும் பதியலாம். அதனால் ‘விலகு’ என்றால் நிரப்புவதற்கு ஒரு படிவமாவது இருக்கிறது. எங்களுக்கு அப்படி ஒன்றுமில்லை. எங்களுக்கு இருப்பது சின்னமும் புள்ளடியும்தான்.

சின்னம் என்றால் இங்கே பெரும்பாலும் வீடு, அதாவது 1949 இல் செல்வநாயகம் தொடக்கிய தமிழரசுக் கட்சி. பிரசாரக்காரருக்கு இது நல்ல வாய்ப்பு. ‘வீட்டை விட்டு வெளியேறுவோம்’ என்று நீலப் பின்னணியில் மஞ்சள் எழுத்தில் ஒரு படம் எங்கள் குழுவுக்கு வந்தது. அனுப்பியவர் ரொறன்ரோவில் இருக்கும் மாமா. அம்மம்மா கண்ணாடியைப் போட்டு எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, “ஏன் மோனை, திரும்பவும் இடம்பெயரச் சொல்லுறாங்களோ?” என்று கேட்டார். 1995 ஒக்டோபரில் செம்மணிப் பக்கமாக இரவிரவாக நடந்த மனுசியிடம் இப்படி ஒரு வாசகத்தை அனுப்பக்கூடாது என்று ரொறன்ரோவில் யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த நாள் வந்தது இன்னும் மோசம். நரைத்த தலை, சுருக்கம் விழுந்த முகம், கூப்பிய கை. ‘அறுபது வருடம் வீட்டுக்குப் போட்டேன், இனிப் போட மாட்டேன்: யாழ்ப்பாணத்துத் தாய்’ என்று கீழே எழுதியிருந்தது. எனக்குக் கட்சி மீது கோபம் இருந்த நேரம், யோசிக்காமல் நானும் பகிர்ந்துவிட்டேன். அம்மம்மாதான் பிடித்தார். “உவ ஆர்? உது எங்கட சேலைக்கட்டு இல்லையே.” படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். பின்னால் சுவரில் பாதி தெரிகிற எழுத்து ‘ரேஷன் கடை’. யாழ்ப்பாணத்தில் எந்தச் சங்கக்கடைச் சுவரில் ரேஷன் கடை என்று எழுதியிருக்கிறது? தமிழ்நாட்டில் எங்கோ அரிசிக்கு நின்ற அந்த மனுசிக்குத் தான் யாழ்ப்பாணத்தில் கட்சி மாறிய விஷயம் இன்றுவரை தெரிந்திருக்காது. நான் பகிர்ந்ததை அழித்தேன். அதற்குள் அதற்கு நாற்பது விருப்பம் விழுந்திருந்தது.

மாமாவுக்கு இங்கே வாக்கு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் இருந்துகொண்டு இலங்கைத் தேர்தலில் வாக்களிக்க வழியே கிடையாது. வாக்கு இல்லாதவர்களிடம்தான் அதிக வேகம் இருந்தது. வாக்கு இருந்த என் அப்பா அந்தக் குழுவில் மூன்று மாதமும் ஒரு சொல் எழுதவில்லை.

அப்பாவுக்குக் கட்சி கசந்தது படங்களைப் பார்த்து அல்ல. 2024 ஜனவரியில் கட்சித் தலைமைக்கு சிறிதரனும் சுமந்திரனும் போட்டியிட்டு, சிறிதரன் வென்று, பிறகு விஷயம் திருகோணமலை நீதிமன்றம் வரை போனது. செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல். கட்சி சஜித் பிரேமதாசவை ஆதரிக்கிறோம் என்றது, கட்சிக்குள்ளேயே ஒரு பகுதி தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனின் சங்குச் சின்னத்துக்கு வேலை செய்தது. “அவையளே வீட்டுக்குள்ள இல்லை, பிறகு நாங்கள் ஏன் காவல் இருக்க?” என்றார் அப்பா. அவருடைய படலை அன்றே திறந்துவிட்டது.

இப்போது எண்களைப் பாருங்கள், எனக்கு இதில்தான் ருசி. செப்டெம்பர் 21 இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் சஜித்துக்கு 121,177, அரியநேத்திரனுக்கு 116,688, நாடளவில் வென்று ஜனாதிபதியான அநுர குமாரவுக்கு வெறும் 27,086. எட்டுக் கிழமைக்குள், நவம்பர் 14 நாடாளுமன்றத் தேர்தலில், திசைகாட்டிச் சின்னத்தில் நின்ற அநுரவின் தேசிய மக்கள் சக்தி அதே மாவட்டத்தில் 80,830 வாக்கு எடுத்தது. மூன்று மடங்கு. தமிழரசுக் கட்சிக்கு 63,327. ‘வீட்டை விடு’ என்று கத்தியவர்களில் பெரும்பாலானோர் இன்னும் இறுக்கமான தமிழ்த் தேசியம் பேசியவர்கள். அவர்கள் விரும்பிய பக்கமாகச் சனம் போயிருந்தால் சங்கோ, கஜேந்திரகுமார் பொன்னம்பலத்தின் கட்சிச் சின்னமான சைக்கிளோ வீங்கியிருக்க வேண்டும். சங்கு ஏழு வீதத்துக்குக் கீழே இறங்கியது, சைக்கிள் 27,986 இல் நின்றது. வெளியே வந்த சனத்தில் ஒரு பெரும் பகுதி ஒழுங்கையில் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, கொழும்பில் புதிதாக வென்றவரின் திசைகாட்டிப் பக்கம் நடந்தது. ‘ஒருக்கா குடுத்துத்தான் பாப்பமே’ என்பதுதான் அப்போது தேநீர்க் கடையில் நான் அதிகம் கேட்ட வசனம்.

அதன் விளைவும் சும்மா இல்லை. யாழ்ப்பாணத்துக்கு ஆறு ஆசனம். முதலில் வரும் கட்சிக்கு ஒன்று போனஸாகப் போகும். ஐந்து வீதத்துக்குக் கீழே எடுத்தவர்களின் வாக்குகள் கணக்கிலேயே வராது, மிச்ச ஐந்தையும் முதலில் வந்த கட்சி உட்பட மற்றவர்களுக்குள் பிரிப்பார்கள். வீட்டை விட்டு வந்தவர்கள் தலைக்கொரு சின்னமாகச் சிதறியதால், நூற்றுக்கு இருபத்தைந்து வாக்கு எடுத்த திசைகாட்டிக்கு மூன்று ஆசனம், அதாவது சரிபாதி. வீட்டுக்கு ஒன்று, சைக்கிளுக்கு ஒன்று. 2015 இல் இதே மாவட்டத்தில் வீட்டுச் சின்னத்துக்கு நூற்றுக்கு 69 விழுந்தது. அப்போது தமிழரசும் வேறு தமிழ்க் கட்சிகளும் சேர்ந்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு ஒன்றாக நின்றது, 2024 இல் தமிழரசு தனியே நின்றது, ஆகவே இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது நியாயமில்லை. ஆனாலும் விழுந்த உயரம் தெரிகிறதுதானே.

ஆறாவது ஆசனத்தைச் சொல்லாமல் விட்டால் பதில் குறைபட்டுப் போகும். அது சுயேச்சைக் குழு 17 க்கு, அதாவது வைத்தியர் அர்ச்சுனாவுக்குப் போனது. 27,855 வாக்கு, சைக்கிளைவிட 131 தான் குறைவு. சாவகச்சேரி வைத்தியசாலையிலிருந்து அவர் முகநூல் நேரலையில் பேசத் தொடங்கியது தேர்தலுக்கு நாலைந்து மாதம் முன்னர்தான். கட்சி இல்லை, கிளை இல்லை, கையில் தொலைபேசி இருந்தது. அவருடைய அரசியல் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயம் உண்டு, அது இருக்கட்டும். சமூக ஊடகத்தால் வாக்கு எடுக்க முடியுமா என்றால் இதோ முடிந்திருக்கிறது. ஆனால் அங்கே சனத்துக்கு முன்னால் ஒரு ஆள் நின்றார், புள்ளடி போட ஒரு இடம் இருந்தது. மாமா அனுப்பிய படங்களில் ‘விடு’ என்பது மட்டும்தான் இருந்தது, ‘பிடி’ இல்லை.

எங்கள் மண்ணில் வாக்காளரைத் தடுத்து நிறுத்துவதில் முழு வெற்றி கண்டது 2005 ஜனாதிபதித் தேர்தல். முகநூலும் இல்லை, ஒன்றும் இல்லை. யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட வாக்களிக்கவில்லை. அதைப் பிரசாரம் என்று நான் கணக்கெடுக்க மாட்டேன், அது வேறு. வாக்குச்சாவடிக்குப் போகவே பயந்த காலம்.

அப்புறம் 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தல் வந்தது. யாழ்ப்பாண மாவட்டத்தில் தமிழரசுக் கட்சி திரும்பவும் முதலிடம். வட்டாரத்தில் நிற்பவர் எங்கள் ஒழுங்கையில் வெள்ளம் நின்றால் வந்து பார்க்கிற ஆளா என்பதுதான் அப்பாவின் கேள்வியாக இருந்தது, எந்தப் படத்தையும் அவர் திறந்து பார்க்கவில்லை. யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவுமில்லை.

மாமா மட்டும் மனம் மாறியிருந்தார். ஏப்ரல் கடைசியில் குழுவுக்கு ஒரு புதுப் படம் அனுப்பினார், ‘தாய் வீடு திரும்புவோம்’ என்று. அதே நரைத்த தலை, அதே கூப்பிய கை. அம்மம்மாவிடம் காட்டினேன்.

“பாவம், உவவுக்கு இன்னும் அரிசி குடுக்கேல்லைப் போல” என்றார்.